ஃபிரிஜியப் பண்ணும் மானுவல் தெ ஃபாயாவும்

மேலையிசை இலக்கண நூல்களில் ஃபிரிஜியப் பண்ணுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. மி என்னும் சுரத்தை ஆதாரமாகக் கொண்டு, கறுப்புக் கட்டை எதனையும் தொடாமல் அடுத்த மி வரை ஏறினால் ஃபிரிஜியம் என்று ஒரு வாக்கியம். முதற் சுரத்துக்கும் இரண்டாம் சுரத்துக்கும் இடையே அரைச்சுர இடைவெளியே உண்டு என்று மற்றொரு வாக்கியம். அத்துடன் பாடம் முடிந்துவிடும்.

நம்மில் இசைப் பயிற்சி உடையோர் ஆர்மோனியத்தில் இதனை வாசித்த மாத்திரத்திலேயே, இவை அனுமத்தோடியின் சுரங்கள் அல்லவா என்று கேட்பார்கள். உண்மைதான். எட்டாம் மேளத்துக்குரிய சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என்பனவே ஃபிரிஜியத்தின் சுரங்களும் ஆகும். பழந்தமிழிசையை ஆராய்ந்தோர் பலர் விளரிப்பாலையையும் இவற்றோடு பொருத்திக் காட்டுவர். ஆயினும் ஃபிரிஜியம் தோடியாகிவிடாது. ஒரே வரிவடிவில் இரண்டு மொழிகளை எழுதலாம். எழுத்து ஒன்றாயிருப்பதனால் மொழி ஒன்றாகிவிடுவதில்லை.

சுரங்களை எண்ணி அறிவது ஓர் அறிவு. அச்சுரங்கள் அலைந்து திரிந்து இறுதியில் எங்கே வந்து இளைப்பாறுகின்றன என்று அறிவது வேறோர் அறிவு. இந்த இரண்டாவது அறிவைத் தேடித் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஸ்பெயின் நாட்டு இசையமைப்பாளர் மானுவல் தெ ஃபாயா (1876–1946). அந்தத் தேடல் அவருக்கு ஒரு கவிஞரின் நட்பைத் தந்தது; ஆறாத துயரத்தையும் தந்தது. கவிஞர்கள் கூடி நடத்தும் நம் வட்டத்தின் மலரில் ஓர் இசையமைப்பாளரின் வாழ்க்கையை எழுத முற்பட்டதற்கு அதுவே காரணம்.

காடிஸ் நகரத்துப் பிள்ளை

ஸ்பெயினின் தென்கோடியில், அட்லாண்டிக் கடலை நோக்கி நீண்டு நிற்கும் துறைமுக நகரம் காடிஸ். அங்கே 1876ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் ஃபாயா பிறந்தார். தாயார் பியானோ வாசிக்க வல்லவர். மகனுக்கு முதல் ஆசானும் அவரே. வீட்டின் கூடத்தில் தாயாரின் பியானோ ஒலித்தது. வீட்டுப் பணிப்பெண்ணோ ஆண்டலூசிய நாட்டுப் பாடல்களையும் கதைகளையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடத்தில் கேட்டது ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான இசை. பணிப்பெண்ணிடம் கேட்டது அந்த மண்ணின் இசை. இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருந்தும் ஒன்றையொன்று அறியாதனவாய் இருந்தன. அவ்விரண்டையும் அறிமுகம் செய்துவைப்பதே தம் வேலையாகப் போகிறது என்பதை அப்பிள்ளை அன்று அறிந்திருக்க வழியில்லை.

பின்னர்க் குடும்பத்தின் செல்வம் குன்றியது. மாட்ரிட் இசைக் கல்லூரியில் பயின்று 1899இல் பியானோவுக்கான முதற்பரிசைப் பெற்ற ஃபாயா, வீட்டுச் செலவுக்காகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மேடையில் எளிதில் விலைபோகும் ‘சார்சுவேலா’ என்னும் இசைநாடகங்களையும் எழுதிப் பார்த்தார். அவற்றுள் ஒன்று மட்டுமே 1902இல் மேடையேறியது. அதனாலும் பெரும் பயன் விளையவில்லை.

அந்தத் தோல்விக் காலத்தில்தான் அவருக்கு நல்லாசிரியர் வாய்த்தார். ஃபெலிப் பெத்ரெல் என்பவர் பழைய தேவாலய இசைச் சுவடிகளைப் பதிப்பித்தவர், நாட்டுப்பாடல்களைத் தொகுத்தவர், ஒரு நாட்டின் இசை அந்நாட்டு மக்களின் பாடலிலிருந்தே முளைக்க வேண்டும் என்ற கொள்கையை 1891லேயே நூலாக எழுதி வெளியிட்டவர். பணிப்பெண்ணிடம் கேட்ட பாட்டுக்கு இலக்கணம் உண்டு என்பதையும், அது பெரிய சுரவரிசை, சிறிய சுரவரிசை என்ற இரண்டில் அடங்காத பழைய பண்களின் இலக்கணம் என்பதையும் ஃபாயா அவரிடம் கற்றார்.

பெயரும் பொருளும்

பண்ணின் பெயரைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். ஃபிரிஜியா என்பது இன்றைய துருக்கி நாட்டின் நடுப்பகுதியில் இருந்த பழைய நாடு. கிரேக்கர்கள் தம் பண்களுள் ஒன்றுக்கு அந்நாட்டின் பெயரை வைத்தனர். பல நூற்றாண்டுகள் கழித்து, இடைக்கால ஐரோப்பியத் தேவாலயத்தார் தம் எட்டுப் பண்களுக்குக் கிரேக்கப் பெயர்களைச் சூட்டியபோது பெயர்கள் இடம் மாறிப் போயின. கிரேக்கர் டோரியம் என்று அழைத்த சுர அமைப்பே தேவாலயத்தில் ஃபிரிஜியம் ஆயிற்று. ஆகவே பிளேட்டோ தம் நூலில் ஏற்றுக்கொண்ட ஃபிரிஜியம் வேறு. நாம் பேசிக்கொண்டிருக்கும் ஃபிரிஜியம் வேறு. பெயரைப் பிடித்துக்கொண்டு பண்ணின் குணத்தை அறியப் புகுவோர் இவ்விடத்தில் வழி தவறுவர்.

குணத்தை அறிய வேண்டுமானால் பாட்டு முடியும் இடத்தைக் கேட்க வேண்டும். மேலையிசையின் பெரிய சுரவரிசையில் ஏழாம் சுரமாகிய சி, தன்னினும் அரைச்சுரம் உயர்ந்த தொ-வை நோக்கி ஏறி முடியும். படியேறி வீட்டுக்குள் நுழைவதைப் போன்றது அது. ஃபிரிஜியத்தில் இந்த நெருக்கம் ஆதாரத்துக்கு மேலே இருக்கிறது. ஃபா என்னும் சுரம் மி-யின் தலைமேல் நின்று, பெருமூச்சு விடுவதைப் போல் அதன்மீது இறங்குகிறது. ஆண்டலூசியப் பாடல்களில் லா, சொல், ஃபா, மி என்று நான்கு சுரங்கள் வரிசையாக இறங்கி வரும்; கித்தார் வாசிப்போர் அந்நான்கின்மீதும் நான்கு கூட்டொலிகளை அமைப்பர். இறுதியாக வரும் மி-யின் கூட்டொலியில் காந்தாரம் மட்டும் அரைச்சுரம் உயர்ந்து ஒலிக்கும். நம் வழக்கில் சொன்னால், தோடியின் சுரங்களில் நடந்து வந்த பாட்டு, வாசற்படியில் வகுளாபரணத்தின் காந்தாரத்தைத் தொட்டு நிற்கிறது.

சிக்கல் இந்த இடத்தில்தான் தோன்றுகிறது. மேலையிசைக் கல்லூரியில் பயின்ற செவிக்கு அந்த இறுதிக் கூட்டொலி முடிவாகவே தோன்றாது. லா-வை ஆதாரமாகக் கொண்ட சிறிய சுரவரிசையில் பாட்டு இன்னும் ஓரடி எடுத்துவைக்க வேண்டும் என்று அது காத்திருக்கும். பாடுகிற ஆண்டலூசியருக்கோ பாட்டு முடிந்துவிட்டது. அவர் வீடு வந்து சேர்ந்துவிட்டார். ஒருவருக்கு வாசலாகத் தோன்றும் இடம் மற்றவருக்கு வீடு. ஃபிரிஜியத்தைப் புரிந்துகொள்வது என்பது, மேலும் ஓரடி வேண்டும் என்று கேட்கும் அந்தப் பழக்கத்தை விட்டொழிப்பதுதான். கல்லூரியில் பரிசு பெற்ற ஃபாயாவுக்கு அது எளிதாக இருந்திருக்காது.

பாரிசும் மாட்ரிடும்

1905இல் நுண்கலைக் கழகம் நடத்திய போட்டியில் ‘லா விதா ப்ரெவே’ என்ற அவருடைய இசைநாடகம் பரிசு பெற்றது. ‘குறுகிய வாழ்வு’ என்பது அத்தலைப்பின் பொருள். கிரனடா நகரத்து ஜிப்சிப் பெண்ணொருத்தியின் கதை அது. எழுதியபோது ஃபாயா கிரனடாவைக் கண்ணால் கண்டவரல்லர். பரிசு கிடைத்தும் மாட்ரிடில் அதனை மேடையேற்ற ஒருவரும் முன்வரவில்லை. 1913இல் பிரான்ஸ் நாட்டின் நீஸ் நகரத்தில்தான் அது அரங்கு கண்டது.

1907இல் பாரிசுக்குச் சென்ற ஃபாயா ஏழாண்டுகள் அங்கே தங்கினார். த்யூகா, ராவெல், அல்பெனிஸ், டெபுஸி ஆகியோரின் நட்பைப் பெற்றார். அவர்களுள் டெபுஸி அவருக்குப் பெரிய வியப்பாக விளங்கினார். எல்லை கடந்து சில மணி நேரம் மட்டுமே ஸ்பெயினில் இருந்தவர் டெபுஸி. 1903இல் அவர் எழுதிய ‘கிரனடாவில் ஒரு மாலை’ என்ற பியானோ உருப்படியில் ஸ்பானிய நாட்டுப்பாடல் எதுவும் அப்படியே எடுத்தாளப்படவில்லை. ஆயினும் ஆண்டலூசியா அதில் முழுமையாக இருந்தது. நாட்டுப்பாடலின் மெட்டை எடுத்து ஒட்டவைப்பதைக் காட்டிலும், அந்த மெட்டை ஈன்ற பண்ணையும் தாளத்தையும் உள்வாங்கிக்கொண்டு புதிதாகப் படைப்பதே மேல் என்ற முடிவுக்கு ஃபாயா வந்தார். நாட்டுப்புறச் சொற்களை அங்கங்கே தூவினால் கவிதை மண்ணின் கவிதையாகிவிடும் என்று எண்ணுவோர்க்கும் இதில் பாடம் உண்டு.

1914இல் முதல் உலகப்போர் மூண்டதும் ஃபாயா மாட்ரிடுக்குத் திரும்பினார். அடுத்த ஐந்தாண்டுகள் அவருடைய வளமான காலம். ஜிப்சி நடனக் கலைஞர் பாஸ்தோரா இம்பேரியோவுக்காக 1915இல் ‘எல் அமோர் ப்ரூஹோ’ எழுதினார். அந்த நடனக் கலைஞரின் தாயார் அமர்ந்து பாடிக்காட்ட, ஃபாயா கேட்டுக் குறித்துக்கொண்டார். 1919 ஜூலை 22இல் ‘முக்கோணத் தொப்பி’ என்ற நாட்டிய நாடகம் பிக்காசோவின் திரைச்சீலைகளோடு லண்டனில் அரங்கேறியது. உலகப் புகழைத் தந்த அந்த இரவில் ஃபாயா அரங்கில் இல்லை. தாயார் நோய்வாய்ப்பட்டிருப்பதாகத் தந்தி வர, அவர் ரயிலேறிவிட்டிருந்தார். வீடு சேர்வதற்குள் தாயார் காலமாகிவிட்டார். தந்தையாரும் அதே ஆண்டின் தொடக்கத்தில் மறைந்திருந்தார்.

கிரனடாவும் ஒரு கவிஞரும்

தாய் தந்தையரை இழந்த ஃபாயா, தங்கை மரியா தெல் கார்மனோடு கிரனடாவில் குடியேறினார். அல்ஹாம்ப்ரா கோட்டைக்கு அருகே, குன்றின் சரிவில் சிறிய வெள்ளை வீடு. திருமணம் செய்துகொள்ளாதவர்; நாள்தோறும் வழிபாட்டுக்குச் செல்பவர்; ஓசைக்கும் நோய்க்கும் அஞ்சுபவர்; ஒரு சுரத்தை எழுதப் பல நாள் தயங்குபவர்.

1918இல் மறைந்த டெபுஸிக்கு அஞ்சலியாக, 1920இல் ஃபாயா கித்தாருக்கென ஓர் உருப்படி எழுதினார். கித்தாருக்கென்றே அவர் எழுதியது இது ஒன்றுதான். கித்தாரின் அடித்தந்தியும் மேல்தந்தியும் மி-யில் சுருதி சேர்க்கப்படுவன. முதற்கட்டில் விரல் வைத்தால் ஃபா. ஆகவே ஃபா மி-யின்மீது இறங்குவது அந்தக் கருவியில் விரலை எடுத்தாலே நிகழ்ந்துவிடும். அந்த அரைச்சுரப் பெருமூச்சையே ஃபாயா தம் அஞ்சலிக்கு உயிராக வைத்தார். முடியும் தறுவாயில் டெபுஸியின் ‘கிரனடாவில் ஒரு மாலை’யிலிருந்து சில சுரங்கள் வந்து மறைகின்றன. அழுகையோ முழக்கமோ அதில் இல்லை. சில நிமிடங்களே ஒலிக்கும் அவ்வுருப்படியில் ஃபிரிஜியப் பண்ணைப் பற்றி அவர் அறிந்தது முழுவதும் இருக்கிறது.

இக்காலத்தில்தான் ஃபெதெரிகோ கார்ஸியா லோர்கா அவருக்கு நெருங்கிய நண்பரானார். லோர்கா 1898இல் பிறந்தவர். ஃபாயாவைவிட இருபத்திரண்டு வயது இளையவர். கவிஞராகும் முன்பே பியானோவில் தேர்ந்தவர். இருவரையும் பிணைத்தது ‘கான்ட்டே ஹோந்தோ’ என்னும் ஆழ்பாடல் மரபு. சிகிரீயா என்னும் பாடல்வகை அதன் உயிர்நிலை. விடுதிகளிலும் கேளிக்கை மேடைகளிலும் அது நீர்த்துப்போய்க்கொண்டிருப்பதாக இருவரும் அஞ்சினர். தொழில்முறைப் பாடகர்களை விலக்கி, மக்களிடையே அப்பாடலைக் காத்துவருவோர்க்கு ஒரு போட்டி நடத்துவதென்று முடிவாயிற்று.

போட்டியை ஒட்டி 1922இல் ஃபாயா ஒரு சிறு நூல் எழுதித் தம் பெயரின்றி வெளியிட்டார். ஸ்பானியத் தேவாலயம் ஏற்ற பைசாந்தியப் பாடல், அரபியர் வருகை, இந்தியாவிலிருந்து புறப்பட்டு வந்த ஜிப்சிகளின் குடியேற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இப்பாடலை உருவாக்கின என்பது அவர் கருத்து. அரைச்சுரத்தினும் நுண்ணிய இடைவெளிகள், பெரும்பாலும் ஆறு சுரங்களின் எல்லையைத் தாண்டாத நடை, ஒரே சுரத்தை மீண்டும் மீண்டும் பற்றிக்கொள்ளுதல், உணர்ச்சி உந்தும் இடத்தில் மட்டும் அணிகலன்களாக வரும் அசைவுகள் என்று இந்திய இசையோடு ஒத்த இயல்புகளை அவர் வரிசைப்படுத்தினார். ஜிப்சிகளின் மூதாதையர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை மொழிநூல் உறுதி செய்திருக்கிறது. இசையைப் பற்றிய அவர் முடிவுகள் எல்லாவற்றையும் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. எனினும், தாழ்வாக எண்ணப்பட்ட ஒரு பாட்டை ஒரு பெரிய இசைப்புலவர் இலக்கணம் உடையதாகக் கருதி அமர்ந்து ஆராய்ந்தது அந்நாட்டில் சிறிய செய்தியன்று. அவ்வாண்டு பிப்ரவரியில் லோர்கா நிகழ்த்திய சொற்பொழிவும் ஃபாயாவின் ஆய்வை அடித்தளமாகக் கொண்டதே.

1922 ஜூன் 13, 14 ஆகிய இரவுகளில் அல்ஹாம்ப்ராவின் முற்றத்தில் போட்டி நடந்தது. எழுபது வயதை எட்டிய தியேகோ பெர்முதெஸ் என்ற முதியவரும், மானோலோ கராகோல் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனும் முதன்மையான பரிசுகளைப் பெற்றனர். ஒருவர் மறைந்துகொண்டிருந்த தலைமுறை. மற்றவர் பின்னாளில் புகழ்மிக்க தொழில்முறைப் பாடகராகிக் கேளிக்கை மேடைகளில் பாடியவர். போட்டி எதனைத் தடுக்க எண்ணியதோ அது நிற்கவில்லை. அரண் கட்டிப் பாட்டைக் காக்க இயலாது என்பதே அவ்விரு இரவுகளின் முடிவு என்று சொல்லலாம். நிலைத்தது மற்றொன்று. அந்நாட்களில் லோர்கா எழுதிய ஆழ்பாடற் கவிதைகள் 1931இல் நூலாக வந்தன. ஸ்பானியக் கவிதையின் போக்கையே அவை மாற்றின.

1936

இருவரும் எல்லாவற்றிலும் ஒத்த கருத்தினர் அல்லர். நற்கருணையைப் பற்றி லோர்கா ஒரு நெடுங்கவிதை எழுதி, 1928இல் அதன் பகுதிகளை ஃபாயாவுக்குக் காணிக்கையாக்கி வெளியிட்டபோது, ஆழ்ந்த கத்தோலிக்கரான ஃபாயாவின் மனம் நொந்தது. தம் வருத்தத்தை மிகுந்த பண்போடு கடிதத்தில் தெரிவித்தார். 1931க்குப் பின் தேவாலயங்கள் எரிக்கப்பட்டதும் அவரைக் கலங்கச் செய்தது. உள்நாட்டுப் போரின்போது, பிராங்கோ அணியினர் கேட்டதற்கிணங்கப் பெத்ரெலின் மெட்டொன்றை அணிவகுப்புப் பாடலாக அமைத்தும் கொடுத்தார். இதனை மறைப்பது அவருக்கு நாம் செய்யும் சிறப்பாகாது.

ஆனால் 1936 ஆகஸ்டில் அவர் செய்ததும் அதே வரலாற்றில் இருக்கிறது. ஆகஸ்ட் 16ஆம் நாள் கிரனடாவில் லோர்கா கைது செய்யப்பட்டார். நாள்தோறும் ஆட்கள் சுட்டுக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த நகரம் அது. கைதானவருக்காகப் பரிந்து பேசுவோரும் கைதாகக்கூடும். அறுபதை நெருங்கிய, நோயாளியான, கதவு ஓசைக்கும் அஞ்சுகிற ஃபாயா குன்றிலிருந்து இறங்கி, லோர்காவுக்காகப் பரிந்துபேச ஆட்சியாளரின் அலுவலகத்துக்குச் சென்றார். லோர்கா ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டார் என்பதே அவருக்குக் கிடைத்த விடை. அவர் திரும்பி நடந்தார். லோர்காவின் உடல் கிடக்கும் இடம் இன்றளவும் கண்டறியப்படவில்லை.

கடல் கடந்து

புதிய ஆட்சி ஃபாயாவுக்கு ஒரு பெரிய பதவியை அளிக்க முன்வந்தது. உடல்நிலையைக் காரணமாகக் காட்டி அவர் விலகிக்கொண்டார். 1939 அக்டோபரில், இசை நிகழ்ச்சிகள் நடத்துவதற்கு வந்த அழைப்பை ஏற்று, தங்கையோடு அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார். அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் புவெனஸ் அயர்ஸ் நகரத்துக் கொலோன் அரங்கில் ‘அஞ்சலிகள்’ என்ற தம் தொகுப்பைத் தாமே நடத்தினார். டெபுஸிக்காக எழுதிய கித்தார் உருப்படி அதில் பல்லிய வடிவில் இடம்பெற்றது. அந்த அரைச்சுரப் பெருமூச்சு இப்போது வேற்று மண்ணில், வேறு கருவிகளில் ஒலித்தது.

கொர்தோபா மாநிலத்து மலைச்சாரலில் ஆல்ட்டா கிராசியா என்னும் ஊரில் அவர் தங்கினார். பிராங்கோவின் அரசு ஓய்வூதியம் தருவதாகச் சொல்லி அழைத்தும் ஸ்பெயினுக்குத் திரும்பவில்லை. 1927இல் தொடங்கிய ‘அட்லாண்டிடா’ என்ற பெரும்படைப்பை எழுதுவதும் திருத்துவதுமாக ஆண்டுகள் கழிந்தன. கடலில் மூழ்கிய ஒரு நிலத்தைப் பற்றிய அப்படைப்பு முடிவு பெறவில்லை. எழுபதாம் பிறந்தநாளுக்கு ஒன்பது நாட்களே இருக்கையில், 1946 நவம்பர் 14ஆம் நாள் ஃபாயா மறைந்தார். உயிரோடு திரும்ப மறுத்தவரின் உடலை மறுஆண்டு ஜனவரியில் கொண்டுவந்து காடிஸ் பேராலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்தனர்.

ஃபாயாவின் படைப்புகளில் முடிவு பெற்றவை எண்ணிக்கையில் குறைவு. எனினும் ஒரு பண்ணை அறிவதற்கு ஒரு முழு வாழ்க்கை சிறிதே என்பதை அவர் காட்டிச் சென்றார். தாம் பயின்ற கல்வி முடிவன்று என்று கூறிய இடத்தை, தம் மக்கள் முடிவென்று பாடியதைக் கேட்டு, மக்களின் செவியையே நம்பினார். புலமைக்கும் பாட்டுக்கும் மாறுபாடு நேரும்போது எதனை நம்புவது என்ற வினா கவிதை எழுதும் நம் முன்னும் அடிக்கடி வந்து நிற்பதுதான்.

வீட்டில் ஆர்மோனியம் உள்ள நண்பர்கள் ஒருமுறை லா, சொல், ஃபா, மி என்ற நான்கு வெள்ளைக் கட்டைகளையும் மெல்ல இறக்கி, மி-யில் விரலை நிறுத்திப் பார்க்கலாம். அடுத்த கட்டையைத் தேடி விரல் நகரத்தான் செய்யும். சற்றுப் பொறுத்துக் கேட்டால், தேட வேண்டியது எதுவும் இல்லை என்று தோன்றும்.